குடமுழாவைப் பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் மலருக்கு ஒரு கட்டுரை, தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு பேச்சு, திருவிழாவில் ஒலிவாங்கி பிடிப்பவருக்கு இரண்டு வரி என்று எது வந்தாலும், திருகோணமலையில் பழைய வாத்தியங்களைப் பற்றிய பேச்சில் குடமுழா எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. பெயரில் ஒரு கம்பீரம் இருக்கிறது. நேரில் கண்டவர்களோ குறைவு. அதனால்தான் ஒருவர் எழுதிய பிழையை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதுகிறார்.

கருவியை முதலில் சொல்லிவிடுகிறேன். உலோகத்தில் வார்த்த பெரிய குடம் அது. அதற்கு ஐந்து வாய்கள். நடுவில் உள்ளது பெரியது, மற்ற நான்கும் அதைச் சுற்றி இருக்கும். ஒவ்வொரு வாயையும் தோலால் மூடிக் கட்டி, கையால் தட்டி வாசிப்பார்கள். ஐந்து தோலும் ஒரே மாதிரி ஒலிக்காது. பஞ்சமுக வாத்தியம் என்றும் ஐமுக முழவம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் திருவாரூர் தியாகராசர் கோயிலிலும் திருத்துறைப்பூண்டிக் கோயிலிலும் இருப்பவை பலரும் அறிந்தவை. திருவாரூரில் பாரசைவர் என்ற மரபினர் இதை வாசித்து வந்திருக்கிறார்கள். சுத்த மத்தளமும் அவர்கள் கையில் இருந்ததே.

இனித் தவறுகள்.

முகம் என்றதும் மூக்கும் கண்ணும் வரைவது முதல் தவறு. அண்மைக் காலமாகக் கணினியில் செய்த படங்களில் குடத்தைச் சுற்றி ஐந்து சிவன் முகங்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன. தோற்கருவியில் முகம் என்பது தோல் போர்த்திய அடிக்கும் பக்கம். தலை என்றும் சொல்வோம். மிருதங்கத்தின் வலந்தலை, இடந்தலை நினைவிருக்கும். பழந்தமிழில் அதையே கண் என்றும் சொன்னார்கள். ஐந்து பக்கங்களையும் சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தத்புருடம், ஈசானம் என்ற சிவனின் ஐந்து முகங்களுக்கு ஒப்பிடுவது சைவ மரபு. ஒப்புமை மனத்தில் இருப்பது. அதற்காகக் குடத்தில் மீசை வரைய வேண்டாம்.

அடுத்தது “பஞ்ச” என்ற சொல் செய்யும் குழப்பம். எங்கள் ஊரில் இது இரட்டிப்பு, ஏனென்றால் இங்கே மூன்று மரபுகளின் சொற்களும் காதில் விழுகின்றன. கேரளத்துப் பஞ்சவாத்தியம் என்பது திமிலை, மத்தளம், இடைக்கா, இலைத்தாளம், கொம்பு என்ற ஐந்து கருவிகள் சேர்ந்த குழு இசை. சிங்கள மரபின் பஞ்சதூரியம் என்பது ஆததம், விததம், விததாததம், கனம், சுசிரம் என்று கருவிகளை ஐந்தாகப் பிரிக்கும் வகைப்பாடு. பஞ்சமுக வாத்தியம் இந்த இரண்டும் அல்ல. ஒரே கருவி, ஐந்து தோல். பெரகரா என்ற சிங்களப் பௌத்த ஊர்வலத்தைப் பற்றிய கட்டுரையில் வந்த ஒரு பத்தியைத் தமிழாக்கி, குடமுழாப் படத்தின் கீழே போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது, அதனால் நின்று பார்ப்போம். பழைய பாட்டில் “முழவு” என்று கண்ட இடமெல்லாம் “அதாவது குடமுழா” என்று உரை எழுதுகிறார்கள். சங்கப் பாடல்களில் முழவு வரும் இடங்களைப் பாருங்கள். புறநானூற்று 236ஆம் பாட்டில் கபிலர் பாரியின் மலையைச் சொல்லும்போது, குரங்கு கிழித்துத் தின்ற பலாப்பழத்தை “முழவுமருள் பெரும்பழம்” என்கிறார், பார்த்தால் முழவோ என்று மயங்கச் செய்யும் பெரிய பழம் என்று. பலாப்பழம் எப்படி இருக்கும்? நீண்டு, இடை பருத்து, இரு நுனியும் ஒடுங்கி இருக்கும். அது மத்தளத்தின் வடிவம். எங்கள் பக்கத்துக் கூத்தில் அதைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் இடுப்பில் கட்டி வாசிக்கிற மத்தளத்தைப் பார்த்திருந்தால் கபிலரின் கண்ணுக்குப் பட்டது எது என்று உடனே புரியும். ஐந்து வாய்க் குடத்தைப் பார்த்தவர் பலாப்பழத்தை நினைக்கமாட்டார்.

சரி, முழவு என்றால் மத்தளம்தான் என்று முடித்துவிடலாமா? அதுவும் ஆகாது. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை நீளமாக அடுக்குகிறார். அந்தப் பட்டியலில் குடமுழா ஓரிடத்தில் வருகிறது, முழவு இன்னோரிடத்தில் தனியாக வருகிறது. அதன் பிறகு கருவிகளை வகுக்கும்போது அகமுழவு, அகப்புற முழவு, புறமுழவு என்று போகிறார். மத்தளம், சல்லிகை, இடக்கை, கரடிகை, பேரிகை, படகம் இவற்றோடு குடமுழாவையும் அகமுழவில் சேர்க்கிறார். ஆக அவர் கையில் முழவு ஒரு தனிக் கருவியின் பெயர், ஒரு குலத்தின் பெயரும்கூட. குடமுழா முழவு வகையைச் சேர்ந்தது என்று எழுதலாம். முழவு என்று வந்த இடமெல்லாம் குடமுழா என்று எழுதக்கூடாது. தண்ணுமை, ஆகுளி, பதலை, தடாரி போன்ற பெயர்களுக்கும் இதே கவனம் தேவை. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பதலை மூன்றும் ஒரே கூத்தர் கூட்டத்தின் சுமையில் தனித்தனியாக வருகின்றன. மூன்றும் ஒன்றென்றால் மூன்றையும் ஏன் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும்?

கடத்தோடு குழப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடம் மண்பானை, அதற்குத் தோல் கிடையாது. கேரளத்துக் கூத்தம்பலங்களில் கூடியாட்டத்துக்கு ஒலிக்கும் மிழாவு தோல் கட்டிய செப்புக் குடம், வாய் ஒன்றே. பெயரும் உருவமும் நெருங்கிய உறவு போலத் தெரிகின்றன, ஆனால் மிழாவின் படத்தைப் போட்டு ஐமுக முழவம் என்று எழுதினால் எண்ணத் தெரிந்த பிள்ளை கேள்வி கேட்கும். சிற்பங்களிலும் அப்படித்தான். ஆடும் சிவனின் காலடியில் நந்தியோ வாணாசுரனோ குடம் போன்ற ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார். அப்பர் தேவாரத்திலும் நந்தியையும் குடமுழாவையும் சேர்த்தே காண்கிறோம். ஆனாலும் சிலையில் எத்தனை வாய் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.

எழுத்துப்பிழையும் ஒன்று உண்டு. குடமுழா, குடமுழவு, குடமுழவம் மூன்றும் சரி. தேடுபொறியில் பாதி எழுதி நிறுத்தினால் குடமுழுக்கு வந்து நிற்கும். அது கும்பாபிசேகம், வாத்தியத்துக்கும் அதற்கும் குடம் என்ற சொல்லைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.

இனி ஊர்ப் பெருமை சம்பந்தமானது. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றி “கோணேசர் ஆலயத்தில் அன்று குடமுழா முழங்கியது” என்ற வரி மலர்தோறும் வருகிறது. அதற்குக் காட்டும் சான்றுகள் இரண்டு. ஒன்று, சம்பந்தர் இந்தத் தலத்தைக் கோணமாமலை என்று பாடியிருக்கிறார். இரண்டு, சோழர் இங்கே இருந்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை, இரண்டிலிருந்தும் அந்த வரி பிறக்கவில்லை.

சம்பந்தர் பதிகத்தின் முதல் அடியிலேயே ஒலி இருக்கிறது. ஆனால் அது கழலின் ஒலி, சிலம்பின் ஒலி. அப்புறம் முத்தைக் கொழித்துக் கரையில் தள்ளுகிற குரைகடல். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஏறி நின்ற எவருக்கும் அந்தக் கடல் கேட்டிருக்கும். போதாததற்கு, அவர் இராமேசுவரத்தில் இருந்தபடியே இந்தத் தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. தேவாரத்துக்குப் பக்கவாத்தியமாகக் குடமுழா இருந்தது என்று அடித்துச் சொல்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டையும் பார்க்கலாம். திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாட இராசராசன் நியமித்தவர்கள் 50 பேர். பாடுவோர் 48, உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். பேரரசன் கட்டிய கோயிலிலேயே பதிகத்துக்குத் துணை இவ்வளவுதான். எனக்கு அந்த உடுக்கை பெரிய செய்தியாகப் படுகிறது, ஏனென்றால் அது இன்றும் எங்கள் அம்மன் கோயில்களில் ஒலிக்கிறது.

சோழர் சான்றும் அப்படியே. கந்தளாயில் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணர் ஊர் இருந்தது, பெரியகுளத்துப் பக்கம் இராசராசப் பெரும்பள்ளியில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பௌத்த விகாரையான அந்தப் பள்ளிக்குத் தமிழர் கொடுத்த விளக்கும் மாடும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. 1950இல் கோணேசர் கோயிலுக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது சோமாசுகந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் என வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது மண்ணுக்குள் போய்த் தப்பியவை இவை. இவ்வளவு கையில் இருக்க, இல்லாத ஐந்து வாய்க் குடத்தை ஏன் இழுக்க வேண்டும்?

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பறை என்று படித்தால் வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய கருவி மனத்தில் வரும். இலங்கையின் கிழக்கில் பறைமேளம் இருபக்கமும் தோல் கட்டிய உருளை, தோளில் தொங்கவிட்டுக் கோலால் அடிப்பது. இந்தியப் படத்தை எடுத்து “எமது பறை” என்று மலரில் போட்டால், திருவிழா வீதியில் அதை அடித்துக்கொண்டு போகிறவரே சிரிப்பார். குடமுழாவுக்குக் கொடுக்கும் பக்கத்தில் பாதியை அவரிடம் பேசி எழுதினால் மலருக்கும் நல்லது.

குடமுழாப் படம் போட்டே தீர வேண்டும் என்றால் அடியில் ஊர்ப்பெயரை எழுதுங்கள்: திருவாரூர், அல்லது திருத்துறைப்பூண்டி. “பழந்தமிழர் வாத்தியம்” என்று மட்டும் போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு இன்னொருவர் அதை எடுத்துக் கோணேசர் கோயில் வாத்தியம் என்று எழுதிவிடுவார்.