23 கிலோவுக்குள் துணிமணி: நெல்லைச் சீமையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

போன மார்கழியில் விடுப்புக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாளே எதிர்வீட்டு மதினி கூப்பிட்டுவிட்டார். அவர் மகன் தை பிறந்ததும் மான்செஸ்டருக்கு மேற்படிப்புக்குப் போகிறான். கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. ஒன்றின் எடை மட்டும் 31 கிலோ. தெருமுனை அரிசிக்கடைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவன் டிக்கெட்டில் பெட்டிக்கு 23 கிலோதான். "எதை வைக்க, எதை எடுக்கன்னு நீயே சொல்லுட்டி. எனக்கு எல்லாமே வேணும்போலத்தான் இருக்கு" என்றார் மதினி.

உள்ளே 16 சட்டை, 9 பேண்ட், தடித் தடியாக இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, ஆறு செட் தெர்மல் உள்ளாடை, மாமா மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு சூட்டு, ஊட்டியில் வாங்கிய குரங்குக் குல்லா. ஒன்பது வருஷத்துக்கு முன் நான் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோன பெட்டியும் ஏறக்குறைய இதுதான், சட்டைக்குப் பதில் சுடிதார். அதில் முக்கால்வாசியை அங்கே நான் உடுத்தவே இல்லை. பிள்ளை குளிரில் விறைத்துவிடக் கூடாதே என்ற பயமும், எதற்கும் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்ற ரோஷமும் சேர்ந்துதான் நம் வீடுகளில் பெட்டி கட்டுகின்றன.

அன்று ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினோம். அப்போது சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரிட்டனை வைத்துச் சொல்கிறேன், நான் இருந்து பழகிய இடம் அதுதான். கனடாவில் வின்னிபெக் பக்கம் போகிறவர்களுக்கு மைனஸ் 20, 30 எல்லாம் சாதாரணம், அவர்கள் மேல்கோட்டுக்கும் பூட்ஸுக்கும் இன்னும் கூடுதலாகவே காசு ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் பொதுதான்.

குற்றாலக் குளிர்

நமக்குக் குளிரே தெரியாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே வந்து நின்றிருக்கிறீர்கள் அல்லவா? காற்று ஒரு வீச்சு வீசியதும் பல் கிடுகிடுக்கும். அன்றைக்கு அங்கே வெப்பநிலை பார்த்தால் இருபதுக்கு மேலேதான் இருக்கும். நடுங்க வைப்பது ஈரமும் காற்றும். ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு ஆவியாகிறது, காற்று அதை வேகப்படுத்துகிறது. நனைந்த பருத்தித் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு விடவே விடாது.

பிரிட்டன் குளிர் இந்த ரகம்தான். ஜனவரியில் மான்செஸ்டரில் பகலில் ஐந்து, ஆறு, ஏழு டிகிரி இருக்கும். சினிமாவில் வருவதுபோலப் பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டுவது எப்போதாவதுதான். நாள் முழுக்கத் தூறலும் காற்றும்தான் இருக்கும். ஆகவே அங்கே கனமான துணி முக்கியமில்லை. நனையாமலும் காற்றுப் புகாமலும் இருப்பதுதான் முக்கியம்.

இன்னொரு விஷயத்தை இங்கே யாரும் சொல்வதில்லை. வீடு, வகுப்பறை, கடை, பஸ் எல்லாவற்றுக்குள்ளும் வெப்பம் ஓடிக்கொண்டிருக்கும். தடி ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போனால் பஸ்ஸுக்குள் வியர்க்கும், இறங்கியதும் அந்த வியர்வையே குளிரும். அதனால்தான் அங்கே அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். உடம்பை ஒட்டி மெல்லிசாக ஒரு தெர்மல், அது பருத்தியாக இருக்கக் கூடாது. அதன்மேல் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டையான ஃபிளீஸோ கம்பளி நூல் ஸ்வெட்டரோ, இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மழையையும் காற்றையும் தடுக்கிற மேல்கோட்டு. நடு அடுக்குக்கு முன்பக்கம் ஜிப் வைத்ததாக வாங்குங்கள். கூட்டமான பஸ்ஸில் தலைவழியாகக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

மேல்கோட்டை மட்டும் இங்கே வாங்காதீர்கள். நான் வாங்கினேன். கடைக்காரர் "மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும் மேடம்" என்றார். போன முதல் வாரத்திலேயே தோள்பட்டை வழியாக மழை இறங்கியது, இரண்டாம் வாரம் ஜிப் போனது. நம் ஊர்க் கடைகளில் விற்கிற ஜாக்கெட் பெரும்பாலும் பைக்கில் போகிறவர்களுக்கும் கொடைக்கானல் சுற்றுலாவுக்கும் ஆனது. நாள் முழுக்கத் தூறலில் நடப்பவர்களுக்கு அது சரிப்படாது. அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்தே தள்ளுபடி தொடங்கிவிடும், ஜனவரியில் இறங்குகிறவர்களுக்கு அது தோதான நேரம். டெக்கத்லானில் நியாய விலைக்குக் கிடைக்கும். அதைவிட மலிவு வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்ற தொண்டு நிறுவனங்களின் கடைகள் இருக்கின்றன. பிறர் உடுத்திய துணியா என்று மதினி முகத்தைச் சுளித்தார். நானும் முதலில் சுளித்தேன். துவைத்துச் சுத்தமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பேராசிரியர்கள்கூட வந்து வாங்குகிறார்கள். என் இப்போதைய கோட்டு அங்கே எடுத்ததுதான், ஆறாவது குளிர்காலம் ஓடுகிறது.

வாங்கும்போது உள்ளே ஃபிளீஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். தலைமூடி இருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். குடையை நம்பாதீர்கள். அங்கத்திய காற்று குடையைத் தாமரைப்பூ மாதிரி விரித்துவிட்டுப் போய்விடும்.

ஜனவரியில் போய் இறங்குகிறவன் முதல் இரண்டு நாளைக்கு என்ன செய்வான்? ஒரு தெர்மல், ஒரு ஃபிளீஸ், தலைமூடி வைத்த சாதாரண ஜாக்கெட் ஒன்று, இது போதும். ஃபிளீஸும் ஜாக்கெட்டும் பெட்டிக்குள் போகக் கூடாது. கையில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். கனமான ஷூவும் காலிலேயே போகட்டும். செப்டம்பரில் போகிறவர்களுக்கு இந்தப் பரபரப்பே கிடையாது, குளிர் இறுகுவதற்குள் எல்லாவற்றையும் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.

சேராத சட்டைகள்

அடுத்து அந்த 16 சட்டை. கட்டிலில் வரிசையாக விரித்துப் போட்டு, "இது எந்தப் பேண்டுக்குல சேரும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பையன் விழித்தான். தப்பு அவன்மேல் இல்லை. ஆர்.எம்.கே.வி. பிறந்த ஊர் இது. தீபாவளிக்கு ஒரு செட், பொங்கலுக்கு ஒரு செட், சித்தப்பா கல்யாணத்துக்கு ஒரு செட் என்று எடுத்தே பழகிவிட்டோம். அரக்குச் சட்டை அந்தச் சந்தனக் கலர் பேண்டுக்குத்தான், கிளிப்பச்சை இந்தச் சாம்பலுக்குத்தான். ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று சும்மா தொங்கும்.

மேலைநாட்டில் இதற்கு மாற்றாகக் கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று ஒரு வழி சொல்கிறார்கள். லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ என்பவர் 1970களில் இதைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கில் டோனா கரன் ஏழே உருப்படிகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உடுத்தும்படி வடிவமைத்துப் பேர் வாங்கினார். சங்கதி இவ்வளவுதான்: உருப்படி கொஞ்சமாக இருக்கட்டும், ஆனால் எதை எடுத்தாலும் எதோடும் சேரட்டும். எங்கள் ஆச்சிக்கு இதெல்லாம் பெரிய செய்தியாக இருந்திருக்காது. குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் கட்டினது ஒன்று, உடுமாத்து ஒன்று, வீட்டுக்கொடியில் காய்கிறது ஒன்று. விசேஷத்துக்கென்று டிரங்குப் பெட்டியில் ஒன்று. அவ்வளவுதான் அவள் துணி.

கணக்கைப் பாருங்கள். கருநீலம், சாம்பல், கறுப்பு என்று மூன்று பேண்ட். அந்த மூன்றோடும் சேருகிற மாதிரி ஏழு மேல்சட்டை. மூவேழு 21 ஆயிற்று. மேலே போட இரண்டு விதமான ஸ்வெட்டர் இருந்தால் 42 விதமாக உடுத்தலாம். ஆக மொத்தம் 12 துணி. பையனிடம் அப்படித்தான் எடுக்கச் சொன்னேன்: நாலு சட்டை, மூன்று டீ-சர்ட். கிளிப்பச்சை வெளியே போனது. அரக்கு மட்டும் மூன்று பேண்டுக்கும் சேர்ந்ததால் தப்பித்தது. நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊர் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், எல்லாரும் கறுப்பில் திரிவார்கள், அரக்கைப் பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு வரும். அடித்தளம் அடக்கமாக இருந்தால் மேலே ஒன்றிரண்டு கண்ணைப் பறிக்கலாம்.

கறுப்புப் பேண்டையும் கறுப்பு ஷூவையும் விட்டுவிடாதீர்கள். உணவகத்திலோ கடையிலோ பகுதிநேர வேலை கிடைத்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான். கோட்டு சூட்டு வேண்டாம், நேர்முகத்துக்கு ஒரு கருநீல பிளேசர் இருந்தால் எந்தப் பேண்டோடும் போட்டுக்கொள்ளலாம். இஸ்திரி போட்டால்தான் உடுத்த முடியும் என்கிற சட்டையையெல்லாம் இங்கேயே விடுங்கள். ஷூ அளவில் பயம் வேண்டாம், நம் ஊரில் 8 என்றால் பிரிட்டனிலும் 8தான். அமெரிக்காவில் அது ஆண்களுக்கு 9, ஐரோப்பாவில் 42.

ஊரிலிருந்துதான் போக வேண்டியவை

இப்படிக் காலியான இடத்தில் எதை வைப்பது? அங்கே கிடைக்காததை. முதலில் துவர்த்து. வீரவநல்லூர்ப் பக்கம் நெய்கிற மெல்லிசுத் துண்டு நாலு வையுங்கள். அங்கத்திய பூத்துண்டு குளிர்காலத்தில் வீட்டுக்குள் காய இரண்டு நாள் ஆகும், துவர்த்து ராத்திரி போட்டால் காலையில் காய்ந்துவிடும். பயணத்துக்கும் அதுதான், மடித்தால் கைக்குட்டை கனம். சாரம் (லுங்கி) இரண்டு, வீட்டுக்குள் வெப்பம் ஓடும்போது சாரத்துக்கு நிகர் எதுவும் இல்லை. பொங்கலுக்கும் கோயிலுக்கும் ஒட்டிக்கோ வேட்டி ஒன்று.

பெண்கள் புடவையை நிறைய வைப்பார்கள், பிளவுஸை மறந்துவிடுவார்கள். மாற்றிச் செய்யுங்கள். புடவை மூன்று போதும், கசங்காத ரகமாக இரண்டு, பட்டு ஒன்று. பிளவுஸ் ஐந்தாறு தைத்துக்கொள்ளுங்கள். அங்கே தைக்கக் கொடுத்தால் துணி விலையைத் தாண்டிக் கூலி கேட்பார்கள். டெய்லரிடம் சொல்லி உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் வருஷம் எல்லாருக்கும் உடம்பு போடும், எனக்கு ஏழு கிலோ. கருநிறத்தில் ஒரு பிளவுஸ் இருந்தால் மூன்று புடவைக்கும் அதுவே ஓடும். குர்த்தா முழங்கால் அளவோடு நிற்கட்டும், கீழே அகலமான பேண்ட் வேண்டாம். தரையில் இழைகிற சல்வார் ஓரம் மழைத்தண்ணீரை முழங்கால்வரை உறிஞ்சி ஏற்றிவிடும். துப்பட்டாவைத் தூக்கிப் போடாதீர்கள், கம்பளி நூலில் ஒன்று இருந்தால் கழுத்துக்கு மப்ளர், விமானத்தில் போர்வை, கோயிலில் துப்பட்டா.

உள்ளாடை எத்தனை என்று மதினி தயங்கித் தயங்கிக் கேட்டார். அதைத் துவைக்கும் முறைதான் தீர்மானிக்கிறது. வாரம் ஒருமுறைதான் அங்கே மெஷின் போடுவீர்கள், பத்து வையுங்கள். மற்ற துணிக்கும் அந்த வாரக் கணக்குதான்.

துவைப்பதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். சூடாகச் சுழற்றி உலர்த்துகிற டிரையரில் என் பருத்திச் சுடிதாரைப் போட்டேன். வெளியே வந்தது அக்கா மகளுக்குச் சரியாக இருந்தது, அவளுக்கு அப்போது பத்து வயது. துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். தொட்டி மாதிரி படத்துக்குள் 30 என்று இருந்தால் அதற்கு மேல் சூடு ஆகாது. சதுரத்துக்குள் வட்டம் போட்டு மேலே குறுக்குக்கோடு இருந்தால் டிரையர் கூடாது. சாயம் போகிற புதுத்துணியை இங்கேயே இரண்டு தடவை அலசிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வெள்ளைச் சட்டை வைத்திருக்கும் அறைத்தோழன் அதற்காக உங்களை வாழ்த்துவான். அறைக்குள் காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்ச நேரமாவது திறந்து வையுங்கள். குளிருக்குப் பயந்து அடைத்தே வைத்தால் சுவரில் கரும்பூஞ்சை பூக்கும்.

வார இறுதியில் எடின்பரோ, லண்டன் என்று கிளம்பினால் தனியாக யோசிக்கவே வேண்டாம். இதே அலமாரியிலிருந்து ஒரு பேண்ட், மூன்று மேல்சட்டை, ஒரு துவர்த்து. முதுகுப்பை போதும்.

கடைசியாக, வெளியே எடுத்துப் போட்ட துணி. மதினி அதை அப்படியே தங்கச்சி மகனுக்குக் கொடுக்கப் பார்த்தார். பாதியை நிறுத்தினேன். ஊர் பீரோவில் ஒரு தட்டு உங்களுக்கென்று இருக்கட்டும்: மெல்லிசுப் பருத்திச் சட்டை நாலு, ஒரு பேண்ட், சாரம், விசேஷ வேட்டி சட்டை, செருப்பு. பெண்கள் என்றால் பருத்திச் சுடிதார், நைட்டி, ஒரு சுங்குடிப் புடவை. மே மாத வெயிலில் வந்து இறங்கும்போது பிரிட்டன் துணி எதுவும் இங்கே உடம்பில் நிற்காது. அந்தத் தட்டு இருந்தால் வருகிறபோது பெட்டி முழுக்கச் சாக்லேட்டும், போகிறபோது அல்வாவும் கள்ளிடைக்குறிச்சி அப்பளமும் வைத்துக்கொள்ளலாம். நான் வருஷாவருஷம் கைப்பையோடுதான் ஊருக்கு வருகிறேன்.

பாச்சா உருண்டையைத் துணியில் படாமல் ஒரு துணிமுடிச்சில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பங்குனி வெயிலில் ஒருதரம் எடுத்து உதறிப் போட அம்மாவிடம் சொல்லிவைத்தால் சரி. பையனின் பெட்டி கடைசியில் 19 கிலோ வந்தது. மிச்சம் நாலு கிலோவுக்கு மதினி நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். அதைத் துவர்த்தில் சுற்றி நடுவில் வைத்தோம்.