நீலகிரி ஊற்றுகளின் கனிமத்தைக் கண்டறியும் முறை

ஊற்று நீரின் கனிமத்தை ஆராய விரும்புபவர், தண்ணீரில் கை வைப்பதற்கு முன் மேலே உள்ள சரிவைப் பார்க்க வேண்டும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய இறுகிய பாறை. (கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-இல் வைக்கப்பட்ட பெயர் இது, கல் போனதோ நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து.) இப்பாறையில் விரிசல் வழியே தவிர நீர் புகாது. ஆனால் அதன் மேல் படிந்துள்ள செம்மண்ணும் உளுத்த பாறையும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அந்நீர் கெட்டிப் பாறையைத் தொடும் இடத்தில், சரிவின் மடிப்பில் ஊற்றாகக் கசிகிறது.

மழை பெய்த சில நாட்களிலேயே பெருகி, கோடையில் மெலியும் ஊற்று மேல்மண்ணைச் சார்ந்தது. அதில் கனிமம் குறைவு. மாறாக, மார்ச் மாதத்திலும் அளவும் வெப்பநிலையும் அதிகம் மாறாமல் வருவது பாறை விரிசல்களில் நெடுநாள் தங்கி, கனிமம் கூடிய நீராக இருக்கலாம். ஆகவே ஒரே ஊற்றை மழைக்காலத்திலும் கோடையிலும் அளப்பது அவசியம். ஒரு முறை அளந்துவிட்டு முடிவு சொல்வது எனக்கு ஏற்புடையதன்று.

ஊற்றுவாயில் துருநிறச் சேறு படிந்திருந்தால் அது இரும்பு. சார்னோகைட்டில் உள்ள பைராக்சீன் கனிமம் சிதையும்போது வெளிப்படும் இரும்பு, ஆக்சிஜன் குறைந்த நீரில் கரைந்தே வந்து, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. மேலே எண்ணெய் போல் பளபளக்கும் ஏடு தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள்: துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியாவின் வேலை, மீண்டும் ஒன்றுகூடினால் உண்மையான எண்ணெய்.

டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டரையும் பிஎச் (அமில-காரத் தன்மை) மீட்டரையும் குட்டையில் அல்லாமல் ஊற்றுவாயிலேயே வைத்து அளக்க வேண்டும். கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் உயர்ந்துவிடும். டிடிஎஸ் அதிகமாகக் காட்டினால் உடனே பாறையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மேலே தேயிலையோ கேரட்டோ பயிரானால் அது உரத்தின் உப்பாகவும் இருக்கலாம், நைட்ரேட் சோதனை அதைத் தெளிவாக்கும்.

இரும்பு அறிய ஆய்வகத்திற்கு நீர் அனுப்புவதானால், நைட்ரிக் அமிலம் இட்ட குப்பியை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். இல்லையெனில் கோத்தகிரியில் எடுத்த தெளிந்த நீர் கோவை போய்ச் சேருவதற்குள் இரும்பு குப்பியின் அடியில் செம்பொடியாகப் படிந்து, அறிக்கையில் குறைவாகவே வரும்.