கிட் லென்ஸோடு திடலுக்குப் போகிறவர்களுக்கு

போன வருடம் பட்டர்வொர்த் பக்கம் ஒரு திடலில் என் அண்ணன் மகளின் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி. அவள் 100 மீட்டர் ஓடினாள், நான் புதுக் கேமராவில் நாற்பது படம் எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்தது இரண்டே இரண்டில், அதுவும் அவள் ஓடி முடித்து மைலோ லாரி வரிசையில் நின்றபோது. எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டதுதான் தப்பு.

அதனால் முதல் வேலை, டயலை எஸ் என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். கேனன் என்றால் டிவி என்று போட்டிருக்கும். ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் சொல்கிறோம், மிச்சத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். ஓடும் பிள்ளைக்கும் காற்பந்துக்கும் 1/1000 நொடி வையுங்கள். 1/500ஐவிட மெதுவாகப் போனால் உடம்பு தெளிவாக நிற்கும், கையும் காலும் இழுபட்டுவிடும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன், ஆட்டோவில் இருக்கட்டும், மேல்வரம்பு 6400. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் ஃபிரேம் போட்டு மாட்டலாம், ஆட்டம் கண்ட படத்தை என்ன செய்வது?

அடுத்து ஃபோகஸ். நகர்கிறவரை விடாமல் பின்தொடரும் முறையைப் போடுங்கள், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ. ஓடி வருகிறவரின் நெஞ்சில் புள்ளியை வைத்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே அவரோடு கூட வாருங்கள், பக்கத்தில் வந்தபின் அழுத்தலாம் என்று காத்திருந்தால் ஃபோகஸ் பின்னால் நிற்கிற ஆசிரியர் மேல் போய் உட்கார்ந்துவிடும். தொடர் படம் மூன்று நான்காக எடுத்தால் போதும். ரா என்ற சுருக்காத பெரிய கோப்பில் விடாமல் அழுத்தினால் கேமராவின் நினைவகம் நிரம்பி, சரியாகக் கோட்டைத் தொடும் நேரத்தில் மூச்சடைத்து நிற்கும். ஜேபெக் வையுங்கள்.

சரி, லென்ஸ். உடனே கடைக்கு ஓடாதீர்கள். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55இல் வைத்து, ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் அப்பால் முழங்காலிட்டு உட்காருங்கள். முகங்கள் நேராக உங்களை நோக்கி வரும். பக்கவாட்டுக் கூடாரத்திலிருந்து எடுத்தால் எந்த லென்ஸிலும் காதுதான் கிடைக்கும். காற்பந்துக்குத்தான் 55-250 அல்லது 70-300 போன்ற நீள லென்ஸ் வேண்டும். கேனனின் சிறிய சென்சாரில் 250 கிட்டத்தட்ட 400 போல் இழுத்துக் காட்டும். குறை என்னவென்றால் அந்த முனையில் லென்ஸின் திறப்பு எஃப் 5.6தான் (எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்), சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஐஎஸ்ஓ மேல்வரம்பை முட்டும்.

மண்டபத்துக்குள் பூப்பந்து என்றால் அந்த நீள லென்ஸை மூட்டை கட்டிவிடுங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று, எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கும் என்பதால் ஃபிளாஷ் கூடாது. ஷட்டில் இழுபட்டதே என்று கவலை வேண்டாம். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் போகும் ஷட்டில் 1/1000 நொடியிலேயே 4 செ.மீ. நகர்ந்துவிடும். 2023இல் கின்னஸில் பதிவான இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜின் ஸ்மாஷ் 565 கி.மீ., அதை விட்டுவிடுவோம். முகமும் மட்டையும் தெளிவாக இருந்தால் படம் தேறியது.

மண்டபத்தில் இன்னொரு தொல்லை, ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். கேமரா கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. மெனுவில் ஃபிளிக்கர் குறைப்பு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கூடுதலாக எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள்.

அப்புறம், ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸ் கண்ணாடி உடனே பனி மூடிவிடும், துடைத்தால் திரும்ப மூடும். இருபது நிமிடம் முன்னதாகப் போய், மூடிய பையை நிழலில் வைத்துவிட்டு, நாசி லெமாக் சாப்பிட்டு வாருங்கள்.