எழுதப் பழக்க ‘அ’ வேண்டாம், ‘ட’வில் தொடங்குங்கள்

விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்க ‘அ’ சரிதான். மறுநாள் அதே பிள்ளை சிலேட்டில் தானாக எழுத அதைவிடச் சிரமமான எழுத்து அதிகம் இல்லை. உள்ளே ஒரு சுழி, அதைச் சுற்றி வளைவு, அடியில் குறுக்குக் கோடு, பக்கத்தில் நிமிர்ந்த கோடு. ‘இ’ இன்னும் மோசம். நாலாவதாக வரும் ‘ஈ’யைப் பாருங்கள், நேர்கோடுகளும் இரண்டு புள்ளியும்தான். அ, ஆ வரிசை வாயால் சொல்ல இருக்கட்டும், கைக்கு வேறு வரிசை வேண்டும்.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மாலையில் பேரனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கும் முதலில் ட, ப, ம தான்.

மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ‘ட’ முடிந்தது. அப்படியே மேலே ஏறினால் ‘ப’. ‘ப’ வந்துவிட்டால் ‘ம’வில் புதிதாக இருப்பது கடைசி வளைவு மட்டும். இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் எழுதிவிடலாம். முழுச் சொல் ஒன்றைத் தானே எழுதிய பிள்ளையை அப்புறம் யாரும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியதில்லை. ‘ம’வுக்குக் கீழே வால் போட்டால் ‘ழ’. க, ச, த ஒரு குடும்பம். வ, ன, ண, ள போன்ற சுழி எழுத்துகள் கடைசியில் வரட்டும்.

பென்சிலுக்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதில் வட்டமும் நாலு வயதில் கூட்டல் குறியும் பார்த்துப் போடுவார்கள். கூட்டல் குறி வராத கைக்கு எழுத்தும் வராது. அதுவரை தரையில் சாக்பீஸ், தட்டில் பரப்பிய கோலமாவு, சப்பாத்தி மாவு உருட்டல், இவை போதும். சிலேட்டு கொடுக்கும்போது பலப்பத்தைச் சின்னதாக ஒடித்துக் கொடுங்கள். நீளக் குச்சியைப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும், துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். (தின்னும் பிள்ளையாக இருந்தால் சாக்பீஸோடு பக்கத்திலேயே உட்காருங்கள்.)

பெற்றோர் எழுத்தைப் பார்க்கிறார்கள், கையைப் பார்ப்பதில்லை. ‘ப’வை வலப்பக்கத்து உச்சியில் தொடங்கித் தலைகீழாகப் போடும் பிள்ளைகள் உண்டு. முடிந்த பிறகு பார்த்தால் அச்சு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கை ‘ம’வுக்குப் போனதும் திணறும், வளைவு எங்கே சேர்வது என்று தெரியாது. புள்ளி வைத்த பயிற்சி நோட்டுகள் எனக்குப் பிடிக்காததற்கும் இதுதான் காரணம். எந்தத் திசையிலிருந்து கோடு போட்டாலும் புள்ளிகள் சேர்ந்துவிடும். வாங்கியாயிற்று என்றால், ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று வையுங்கள்.

உயிர்மெய்யில் பிள்ளை தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று கொம்பு. ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வாயில் வருவது ‘க்’, எழுதும்போது முதலில் வருவது கொம்பு. ‘க’வை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடும் பிள்ளையிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அட்டையில் கொம்பைத் தனியாக வெட்டி, எழுத்துக்கு முன்னால் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கொ, கோ அதற்கப்புறம்.

இன்னொன்று உகர வரிசை. பதினெட்டையும் ஒரே மூச்சில் எழுதவைக்காமல் மூன்று கட்டாகப் பிரியுங்கள். சு, பு, யு, வு, ஙு: கீழே ஒரு கோடு இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு: சுற்றி வளையும். து, நு, லு, று, னு, ணு, ஞு: கீழே சுழித்து வலப்பக்கம் மேலே ஏறும். இந்த மூன்றாம் கட்டுக்குப் பக்கத்தில் கால் போட்டால் தூ, நூ, லூ. ஊகாரத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பெயர் எழுதும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் இப்போது வீட்டுக்கு ஒரு ஹர்ஷித், ஒரு ஜஸ்வந்த். 247 எழுத்தில் இல்லாத எழுத்தோடுதான் பிள்ளை வருகிறது! பரவாயில்லை, பெயரை மட்டும் படம் மாதிரி பார்த்து எழுதட்டும்.

ஆறு வயதுக்குள் எழுத்து இடவலம் மாறி விழுந்தால் பயப்பட வேண்டாம். இடக்கையால் எழுதினால் மாற்ற வேண்டாம், நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் போதும். தாத்தா சொல்லிக்கொடுக்கும் வீடாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ‘லை’யையும் ‘னை’யையும் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். பிள்ளை அதைப் பள்ளியில் எழுதினால் டீச்சர் சுழித்துவிடுவார். தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.