அவித்த போத்தலைக் கிணற்றுத் தண்ணீரில் அலசாதீர்கள்

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். பிள்ளைக்குப் பாலை எடுத்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். பால் எடுக்கும் பம்பையும் போத்தலையும் சுத்தம் செய்ய மின்சார ஸ்டெரிலைசர் தேவையில்லை. ஒரு மூடியுள்ள பானை, ஒரு இடுக்கி, பிள்ளையின் சாமானுக்கென்றே ஒரு பேசனும் பிரஷும் இருந்தால் போதும்.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பம்பில் பால் பட்ட துண்டுகளை எல்லாம் கழற்றி, உடனே சாதாரண தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் பாலிலுள்ள புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பேசனில் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். சோற்றுப்பானை கழுவுகிற இடத்தில் இவற்றைப் போடாதீர்கள். தும்பும் சாம்பலும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் பால் அதற்குள் தங்கும். சூப்பியை உட்புறம் வெளியே வரப் புரட்டிக் கழுவி, துளையால் தண்ணீரைப் பீச்சிப் பாருங்கள். பம்பின் சிறிய வால்வை விரலால் மட்டும் தேய்க்க வேண்டும். பிரஷ் பட்டுக் கிழிந்தால் பம்ப் சரியாக உறிஞ்சாது. மோட்டருக்குத் தண்ணீர் காட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் சரி. காற்றுக் குழாயில் ஈரம் தெரிந்தால் அது காயும்வரை பம்பைச் சும்மா ஓடவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த குழாயைக் கழுவிப் பார்த்து மினக்கெடாமல் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கழுவுவது ஒவ்வொரு முறையும். அவிப்பது நாளுக்கு ஒரு தடவை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, குறைமாதப் பிள்ளை, நோயெதிர்ப்புக் குறைந்த பிள்ளை என்றால் அதைத் தவறவிடவே கூடாது. பால் பிசுக்கோடு அவித்து ஒரு பயனும் இல்லை. எந்தத் துண்டை அவிக்கலாம் என்று பெட்டியோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் எல்லாவற்றையும் அமிழ்த்தி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 5 நிமிடம் விடுங்கள். விறகடுப்பானால் சாம்பல் விழாமல் பானையை மூடிவிடுங்கள்.

இனித்தான் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். "சுடுது பிள்ளை, கொஞ்சம் பச்சைத் தண்ணியில அலசி எடு" என்பார் என் மாமி. அலசினால் அவித்த வேலையே வீண். மாரியில் கிணறு மேலே வரும் காலத்தில் மலக்குழித் தண்ணீரும் வெள்ளமும் எங்கே கலக்கிறது என்று யார் கண்டது? இடுக்கியையும் சேர்த்து அவித்து, அதாலேயே தூக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆறிவிடும்.

துவாயாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்கக் கூடாது. தோய்த்த, வேறெதற்கும் பாவிக்காத துணியில் பரப்பிக் காயவிடுங்கள். முற்றத்து வெயிலில் கிருமி சாகும் என்று நம்பி வெளியே வைக்காதீர்கள். நெல் வெட்டும் காலத்தில் எங்கள் பக்கம் பறக்கிற தூசி தெரியும்தானே! குசினிக்குள்ளேயே, சாப்பாடு மூடுகிற வலையால் மூடி வைத்தால் நல்லது. முழுக்கக் காய்ந்தபின்தான் டப்பாவில் போடவேண்டும்.

இங்கே பல கிணறுகளில் கடினநீர். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக் கல் பம்பிலும் போத்தலிலும் படியும். அதனால் பிள்ளைக்குக் கேடில்லை, ஆனால் வால்வில் படிந்தால் காற்று ஒழுகும். வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். முடிந்தால் அவிக்கும் பானைக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் (இயந்திரத்தில் வடித்து உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றுங்கள்.

வேலைத்தலத்தில் பம்பைக் கழுவ ஒழுங்கான இடம் இல்லாவிட்டால் இன்னொரு செட் வாங்கிக்கொள்வதுதான் வழி. செலவுதான், இருந்தாலும் கழிவறைக் குழாயில் கழுவுவதைவிட மேல். எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வரை 4 மணித்தியாலம் தாங்கும். எங்கள் பங்குனி சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல், உறைந்த ஐஸ் பொதியோடு ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள்.

சூப்பி ஒட்டும் பதத்துக்கு வந்தாலோ வெடித்தாலோ மாற்றுங்கள். போத்தலே வேண்டாம் என்றால் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள், சின்னக் கோப்பையால் பால் பருக்கிக் காட்டுவார். கோப்பையில் சூப்பியும் இல்லை, மூலைமுடுக்கும் இல்லை, கழுவுவது பாதி வேலை.