உடற்பயிற்சிக்குப் பிறகு தசை வலியா? சப்ளிமெண்ட் எடுக்கும் முறை

பயிற்சி முடித்த மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை என்றால் பயிற்சியின்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடாதீர்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். டம்பெல்லை மெல்லக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அப்போது இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதை ஒட்டிய அழற்சியும்தான் வலிக்குக் காரணம். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாகவே குறையும். எந்தப் பவுடரைக் குடித்தாலும் "கேட்டது" என்று தோன்றுவது இதனால்தான்.

படி 1: முதலில் புரதக் கணக்கு. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் தினமும் போதும். 60 கிலோ என்றால் 96 கிராம். பால், முட்டை, மீன், பருப்பில் எவ்வளவு சேருகிறது என்று பாருங்கள். குறைகிற அளவுக்கு மட்டும் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்). புரதம் வலியைப் பெரிதாகக் குறைக்காது, தசையைச் சீர்செய்யும் மூலப்பொருள் அது. புரதம் போதுமான அளவு சேருகிறது என்றால் பிசிஏஏ (புரதத்திலேயே இருக்கும் மூன்று அமினோ அமிலங்கள்) டப்பாவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பேன்.

படி 2: ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (தசைக்குச் சக்தி கிடைக்க உதவும் பொருள்) தினம் 3 முதல் 5 கிராம். பலத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு, வலிக்கு அவ்வளவு இல்லை. வலிதான் கவலை என்றால் புளிப்புச் செர்ரி சாறோ மஞ்சளில் உள்ள குர்குமினோ பார்க்கலாம். இரண்டிலும் பலன் சுமார்தான், ஆய்வுகளும் ஒன்றுபோல் சொல்வதில்லை. செர்ரி சாற்றை வலி வந்த பிறகு தேடாதீர்கள்; கடினமான பயிற்சிக்குச் சில நாள் முன்பே தொடங்க வேண்டும்.

படி 3: வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் தினமும் விழுங்காதீர்கள். பயிற்சியால் உடல் பெறும் முன்னேற்றத்தையே அவை மட்டுப்படுத்தலாம்.

படி 4: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் குர்குமினுக்கு முன்பும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினுக்கு முன்பும் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 5: அதே பயிற்சியை அடுத்த வாரமும் செய்யுங்கள், பாரத்தைக் கூட்டாமல். இரண்டாம் முறை வலி நன்றாகவே குறைந்திருக்கும். சரி, இதற்கு டப்பா எதுவும் வேண்டாம். ஆனால் சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால், தசை கடுமையாக வீங்கினால், சப்ளிமெண்ட் யோசனையை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.