சொடக்குச் சத்தத்தை நம்பி கைரோபிராக்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, திருப்பிச் சிகிச்சை தருபவர்தான் கைரோபிராக்டர். முதுகைப் பிடித்து ஒரு திருப்பு. 'மடக்' என்று சத்தம். உடம்பே லேசானது போல இருக்கும். வீடியோக்களில் இதைப் பார்த்துவிட்டு, சத்தம் பலமாக வந்தால்தான் கைதேர்ந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமல்ல அது. விரலில் சொடக்கு எடுக்கும்போது நடப்பதுதான் முதுகிலும் நடக்கிறது: மூட்டு விரிகிறது, உள்ளே உள்ள திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது, உங்களைத் தொடுவதற்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்பதை. சமீபத்தில் கீழே விழுந்தீர்களா? எலும்பு மெலிவு இருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, நாள்பட்ட ஸ்டீராய்டு ஏதாவது? முன்பு புற்றுநோய் வந்ததுண்டா? காரணமே இல்லாமல் எடை குறைகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? இதில் எதையுமே கேட்காமல் படுக்கச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

கால் பலமிழப்பது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது: முதுகு வலியோடு இவை வந்தால் எந்த கைரோபிராக்டரிடமும் போகாதீர்கள். தண்டுவடத்தின் கீழே இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கழுத்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கழுத்தை வேகமாகத் திருப்பியபின் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அரிதுதான். ஆனாலும் அதை முன்கூட்டியே சொல்லி சம்மதம் கேட்பது அவர் கடமை. 'வேகமாகத் திருப்ப வேண்டாம், மெதுவாக அசைத்தால் போதும்' என்று நீங்கள் சொன்னால் நல்லவர் ஏற்றுக்கொள்வார். இதுவரை இல்லாதபடி திடீரென்று கடுமையான கழுத்து வலியோ தலைவலியோ வந்திருந்தால், அந்தக் கிழிசலே தொடங்கியிருக்கக்கூடும், முதலில் மருத்துவமனை.

அப்புறம், முதல் நாளே 30, 40 அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டுவது. புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். 'நாலு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புவேன்' என்பவரை நம்பலாம். வீட்டில் செய்ய உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறார் என்றால் இன்னும் நல்லது. வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எழுதுபவரிடம் அது எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்க வைத்ததாக டேனியல் டேவிட் பால்மர் 1895இல் சொன்னதில்தான் இந்த முறையே தொடங்கியது. ஆஸ்துமா, குழந்தையின் காதுவலி எல்லாம் முதுகெலும்பைச் சரிசெய்தால் போய்விடும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு. அதற்காக மட்டும் போங்கள்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தாலும் அது பெரும்பாலும் கைரோபிராக்டிக் பட்டத்தைத்தான் குறிக்கும். சட்டப்படி பதிவு கட்டாயமாக உள்ள நாடுகளில் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். முன்பதிவு செய்வதற்கு முன்பே அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.